நிலா, வியாழன், சனி: மொட்டை மாடியிலிருந்து படம் பிடிக்க ஒரு வழிகாட்டி

பௌர்ணமி அன்று ஃபோனைத் தூக்கி நிலாவை எடுத்த எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே படம்தான் இருக்கும்: கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளை மாத்திரை. ஃபோனைக் குறை சொல்லிப் பயனில்லை. படத்தின் பெரும்பகுதி இருட்டு வானம் என்பதால், இரவுக் காட்சி என்று முடிவு கட்டிக்கொண்டு கேமரா வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. நிலாவிலோ அப்போது பட்டப்பகல். தடுக்கக் காற்றோ மேகமோ இல்லாத பாறைத் தரையில் நேர் வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது. மத்தியானம் தெருவைப் படம் எடுக்க என்ன எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு) தேவையோ, அதற்கு அருகில்தான் நிலாவுக்கும் தேவை. வியாழன், வெள்ளி, செவ்வாய், சனி எல்லாமே வெயிலில் கிடக்கும் பொருள்கள்தான். இது மனதில் பதிந்துவிட்டால், கேமராவில் எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்பது தானாக விளங்கும்.

இன்னொரு நல்ல செய்தி நகரத்தில் இருப்பவர்களுக்கு. பால்வீதியைப் படம் எடுக்க ஊரைத் தாண்டி, மின்சார வெளிச்சம் இல்லாத இடம் தேடிப் போக வேண்டும். நிலாவுக்கும் கோள்களுக்கும் அந்தக் கவலை இல்லை. தி. நகரில் தெருவிளக்குக்குக் கீழே நின்றும் சனியின் வளையத்தை எடுக்கலாம்.

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள்

வானத்தில் நிலாவின் அகலம் அரை டிகிரி. லென்ஸின் ஃபோகல் லெங்த்தை (50 மி.மீ., 300 மி.மீ. என்று லென்ஸில் போட்டிருக்கும் எண்) 110-ஆல் வகுத்தால், கேமராவுக்குள் படம் பதியும் சென்சார் மேல் நிலா எத்தனை மில்லிமீட்டருக்கு விழும் என்று வந்துவிடும். 50 மி.மீ. லென்ஸில் அரை மில்லிமீட்டர்கூட வராது. 300 மி.மீ. லென்ஸில் 2.7 மி.மீ.; சாதாரண 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆரில் இது சுமார் 700 பிக்சல் அகலம். பள்ளங்கள், கருமையான சமவெளிகள், டைகோ பள்ளத்திலிருந்து கிளம்பும் வெள்ளைக் கதிர்கள் எல்லாம் தெரிய இது தாராளமாகப் போதும். 600 மி.மீ. என்றால் 1400 பிக்சல்.

கோள்களின் கதை வேறு. வியாழன் நமக்கு மிக அருகில் வரும்போதும் நிலாவின் அகலத்தில் நாற்பதில் ஒரு பங்குதான். அதே 300 மி.மீ. லென்ஸில் இருபது பிக்சலுக்குள் முடிந்துவிடும். அதனால் வரிசை இதுதான்: முதலில் நிலா, பிறகு கோள்கள். எடுத்த எடுப்பில் சனியின் வளையத்துக்கு ஆசைப்பட்டு டெலஸ்கோப், மோட்டார் வைத்த மவுண்ட் (தாங்கி), தனி கேமரா என்று வாங்கிக் குவித்துவிட்டு, ஆறு மாதத்தில் பரண்மேல் ஏற்றியவர்கள் நிறைய. அகலக்கால் வேண்டாம்.

கையில் டிஎஸ்எல்ஆரோ மிரர்லெஸ்ஸோ இருந்தால் 55-250 அல்லது 70-300 ரக ஜூம் லென்ஸ் ஒன்றைப் பழையது வாங்கினாலே போதும். பெரிய ஜூம் லென்ஸ் கழற்ற முடியாதபடி பொருத்திய கேமரா வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். நிக்கான் பி1000 போன்றவை 3000 மி.மீ.க்குச் சமமான ஜூம் தருகின்றன, சனிக்கு வளையம் இருப்பதே அதில் தெரியும். லென்ஸைவிட முக்கியமானது டிரைபாட். கடையில் பளபளப்பாக இருக்கும் எடையில்லாத டிரைபாட் வேண்டாம். லென்ஸில் மிச்சம் பிடித்தாவது கனமான டிரைபாட் ஒன்றை வாங்குங்கள் என்பேன்.

நாள் குறிக்க தினசரி காலண்டர்

புதிதாக வருபவர்கள் பௌர்ணமிக்காகக் காத்திருப்பார்கள். உண்மையில் நிலாவைப் படம் எடுக்கச் சுவாரசியம் குறைந்த நாள் அதுதான். முழுநிலா அன்று வெயில் நமக்குப் பின்னாலிருந்து நேராக அடிக்கிறது. எதற்கும் நிழல் விழாது. நிழல் இல்லையென்றால் மலையும் தெரியாது, பள்ளமும் தெரியாது. டைகோவின் கதிர்கள் மட்டும் அன்றுதான் முழுசாகத் தெரியும்.

நிழல் நீளமாக விழும் இடம், நிலாவில் பகலும் இரவும் சந்திக்கும் எல்லைக்கோடு. அந்தக் கோடு தினமும் நகரும். எந்தத் திதியில் எது கோட்டை ஒட்டி வரும் என்பதற்குச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். வளர்பிறை சதுர்த்தி, பஞ்சமி வாக்கில் கிழக்கு ஓரத்து க்ரிசியம் சமவெளி எடுப்பாக இருக்கும். சஷ்டி பக்கத்தில் தியோஃபிலஸும் அதை ஒட்டிய இரண்டு பெரிய பள்ளங்களும் வரும். அஷ்டமி வந்தால் விருந்து: நடுவில் டாலமேயஸ், அல்ஃபோன்சஸ், அர்சாக்கெல் என்ற மூன்று பள்ளங்களும் வரிசையாக, வடக்கே அப்பனைன் மலைத்தொடர் ஐந்து கிலோமீட்டர் வரை உயர்ந்து நிழலை நீட்டிக்கொண்டு நிற்கும். தசமி வாக்கில் 93 கி.மீ. அகலமான கோப்பர்னிக்கஸும், தெற்கே 200 கி.மீ.க்கும் மேல் விரிந்த கிளேவியஸும். அந்த கிளேவியஸுக்குள் சின்னப் பள்ளங்கள் ஒரு வளைவாக, அளவு குறைந்துகொண்டே போகும். நல்ல ஃபோகஸ் கிடைத்ததா என்று சோதிக்க அதைவிடச் சிறந்த இடம் கிடையாது.

வளர்பிறைக்கு இன்னொரு வசதி: மாலையிலேயே தலைக்கு மேல் நிற்கும். நிலா தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கும் என்பதால், தேய்பிறை அஷ்டமி நிலாவுக்கு நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டும். ஆனால் விடியற்காலைக் காற்று அடங்கியிருக்கும். எழுந்திருப்பவர்களுக்குப் பலன் உண்டு.

சந்திரயான்-3 இறங்கிய இடத்தை எடுக்க முடியுமா என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று அது இறங்கியது தெற்கு அட்சரேகை 69 டிகிரி அருகில். அந்த வட்டாரம் தெற்கு ஓரத்தில் நெருக்கமான பள்ளங்களாகத் தெரியும், எடுக்கலாம். லேண்டர் தெரியாது. 200 மி.மீ. விட்டமுள்ள டெலஸ்கோப்பில்கூட நிலாத் தரையில் ஒரு கிலோமீட்டருக்குக் குறைவான பொருளைப் பிரித்தறிவது கடினம்.

கேமராவில் நிலா: செய்முறை

டிரைபாட் காலைத் தரையில் அழுத்தி வையுங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், உயர்த்தினால் ஆட்டம் இரண்டு மடங்கு. காற்று வீசினால் தண்ணீர் டேங்குக்கு மறைவில் நில்லுங்கள், கேமராப் பையை டிரைபாட் கொக்கியில் தொங்கவிடுங்கள். லென்ஸில் இருக்கும் ஆட்டம் தடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். கையில் பிடிக்கும்போது உதவும் அந்த வசதி, டிரைபாட்டில் சில சமயம் தானே ஆட்டத்தை உண்டாக்கும்.

பிறகு கேமராவை மேனுவல் மோடுக்கு மாற்றி, ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப்படம்) சேமிக்கச் சொல்லுங்கள். லென்ஸ் துவாரம் எஃப்/8 (இந்த எண் குறையக் குறையத் துவாரம் அகலம்). முழுநிலாவுக்கு ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 100, ஷட்டர் 1/200 விநாடி. அஷ்டமி நிலாவுக்கு ஐஎஸ்ஓ 400, அதே 1/200. பிறைக்கு ஐஎஸ்ஓ 800, 1/125. பாதி நிலா என்பதால் வெளிச்சம் பாதி என்று கணக்குப் போடாதீர்கள். முழுநிலாவின் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் அரை நிலாவிடமிருந்து வருகிறது; நிழல்கள் அவ்வளவை விழுங்கிவிடுகின்றன. இந்த எண்கள் தொடக்கத்துக்கு மட்டுமே. ஒரு படம் எடுத்து, இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகக் கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். வலது ஓரத்தில் முட்டி நின்றால் ஷட்டரை வேகமாக்குங்கள். திரையில் கொஞ்சம் மங்கலாகத் தோன்றினால் பரவாயில்லை, பிறகு தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப்போன பகுதியை மட்டும் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

ஷட்டரை ரொம்ப மெதுவாக்காதீர்கள். பூமி சுழலுவதால் நிலா தன் அகலம் அளவு தூரத்தை இரண்டே நிமிடத்தில் நகர்ந்து கடந்துவிடும். 300 மி.மீ. லென்ஸில் ஐந்தில் ஒரு விநாடிக்கே ஒரு பிக்சல் நகர்வு.

ஃபோகஸில்தான் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன. காட்சியைப் பின்திரையில் காட்டும் லைவ் வியூவைப் போட்டு, பத்து மடங்கு பெரிதாக்கி, எல்லைக்கோட்டில் ஒரு சின்னப் பள்ளத்தைப் பிடியுங்கள். ஃபோகஸ் வளையத்தைக் கூர்மையாகும் வரை திருப்பி, அதையும் தாண்டி மங்கலாகும் வரை போய், திரும்பி வாருங்கள். இரண்டு பக்கமும் மங்கலாவதைப் பார்த்தால்தான் நடு எங்கே என்று தெரியும். லென்ஸில் முடிவிலிக் குறி இருக்கிறதே என்று அதில் நிறுத்தி வைப்பது சரிவராது, பல ஜூம் லென்ஸ்கள் அந்தக் குறியைத் தாண்டியும் திரும்பும். ஃபோகஸ் கிடைத்ததும் மேனுவலுக்கு மாற்றி, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை மறுபடி சரிபார்க்க வேண்டும். இரவு குளிரக் குளிர ஃபோகஸ் நகரும்.

ஷட்டர் பட்டனை விரலால் அழுத்தாதீர்கள். இரண்டு விநாடி டைமர் வையுங்கள், அல்லது ஃபோன் செயலியிலிருந்து இயக்குங்கள். ஒரு படத்தோடு நிறுத்தாமல் முப்பது நாற்பது எடுங்கள். ஏன் என்பது காற்றைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

ஃபோன் மட்டும்தான் இருக்கிறதா?

நைட் மோடை அணைத்துவிட்டு புரோ மோடுக்குப் போங்கள். டெலிஃபோட்டோ லென்ஸ் இருந்தால் அதில் ஐஎஸ்ஓ 50, ஷட்டர் 1/500-ல் தொடங்குங்கள். ஃபோன் லென்ஸின் துவாரம் மிகவும் அகலம், ஆகவே வேகமான ஷட்டர் தேவை. முதன்மை லென்ஸில் முழுநிலாவுக்கு 1/2000 வரைகூடப் போக வேண்டியிருக்கும். புரோ மோடு இல்லையென்றால், நிலாவின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள். வெள்ளைக்குள் கறுப்புத் திட்டுகள் எட்டிப்பார்க்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

சில ஃபோன்கள் நூறு மடங்கு ஜூம் போட்டு, பள்ளம் பள்ளமாக நிலாவைக் காட்டும். அதை நம்பிப் பெருமைப்பட வேண்டாம். 2023-ல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு அத்தகைய ஃபோனால் எடுத்துக் காட்டினார். திரையில் இல்லாத விவரங்களெல்லாம் ஃபோன் படத்தில் இருந்தன. காட்சியை அடையாளம் கண்டு படத்தை மெருகேற்றும் வசதியை அமைப்புகளில் அணைத்துவிட்டு எடுங்கள். கிடைப்பது சுமாராக இருந்தாலும் உங்களுடையது.

ஃபோனுக்கு உண்மையான பலம், ஐபீஸுக்கு (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) பின்னால் வைக்கும்போதுதான் வருகிறது. 10x50 பைனாகுலரையோ சின்ன டெலஸ்கோப்பையோ டிரைபாட்டில் நிறுத்தி, அதன் கண் வைக்கும் துளையில் ஃபோனைப் பொருத்துங்கள். கையால் பிடித்தால் படம் வரும், ஆனால் கழுத்து வலிதான் மிச்சம். ஃபோனைக் கவ்விப் பிடிக்கும் அடாப்டர் ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிறது. பொருத்தும்போது ஃபோனில் முதன்மை லென்ஸைத் தேர்ந்தெடுத்து, அதன் மையமும் ஐபீஸின் மையமும் ஒன்றாக வரும்படி பகல் வெளிச்சத்திலேயே சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் மூன்று திருகாணிகளோடு மல்லுக்கட்டுவதைப் போன்ற அவஸ்தை இல்லை. பகலில் சோதிக்கும்போது தூரத்துச் செல்ஃபோன் கோபுரத்தைப் பாருங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் டெலஸ்கோப்பையோ பைனாகுலரையோ திருப்பவே கூடாது. ஒரு நொடி போதும், கண் போய்விடும்.

கோபுரத்துக்குப் பின்னால் பெரிய நிலா

இது எல்லோருக்கும் பிடித்த படம், ஆனால் வான்படத்தைவிட நிலக்கணக்கு அதிகம். நிலாவின் அளவு மாறாது. நீங்கள் பின்னால் போகப் போகக் கோபுரம் சிறியதாகும், அவ்வளவுதான் சூட்சுமம். எந்தப் பொருளிலிருந்தும் அதன் உயரத்தைப் போல 110 மடங்கு தூரத்தில் நின்றால் அது நிலா அளவுக்குத் தெரியும். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் சுமார் 72 மீட்டர். நிலாவும் கோபுரமும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டுமானால் எட்டு கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும். காகிதத்தில் அழகான கணக்கு. ஆனால் அந்தத் தூரத்தில் கோபுரமே தொடுவானத்தை ஒட்டி அரை டிகிரிக்குள் அடங்கிவிடும், அங்கே நிலா புழுதியிலும் பனிமூட்டத்திலும் முக்கால்வாசி நாள் தெரியாது. நடுவில் தென்னந்தோப்பும் அடுக்குமாடியும் வேறு. ஒன்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மொட்டை மாடியோ வயல்வெளியோ தேடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். கோபுரத்தைவிட நிலா நாலு முதல் எட்டு மடங்கு சின்னதாகத்தான் இருக்கும், 300 மி.மீ. லென்ஸில் அதுவே கம்பீரம்.

நிலா உதயம் சூரிய அஸ்தமனத்துக்குப் பத்து நிமிடம் முன்பின்னாக வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். பௌர்ணமியன்றோ அதற்கு முந்தைய நாளோ அது அமையும். அப்போதுதான் கோபுரத்தின் மேல் கொஞ்சம் அந்தி வெளிச்சம் மிச்சமிருக்கும், இரண்டும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்கும். அடுத்த நாள் போனால் இருட்டிய பிறகுதான் நிலா வரும். கோபுரத்துக்கு வைத்தால் நிலா வெளுக்கும், நிலாவுக்கு வைத்தால் கோபுரம் காணாமல் போகும். எந்த இடத்தில் உதிக்கும் என்பதை ஸ்டெல்லேரியம் செயலியில் முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

மூன்றாம் பிறைக்கு ஒரு தனி வேலை இருக்கிறது. பிறையின் இருண்ட பகுதி சாம்பல் நிறத்தில் லேசாகத் தெரியுமே, அது பூமியில் பட்ட வெயில் நிலாவுக்குப் போய்த் திரும்பி வரும் ஒளி. 200 மி.மீ. லென்ஸ், எஃப்/4 அல்லது இருப்பதிலேயே அகலமான துவாரம், ஐஎஸ்ஓ 1600, அரை விநாடி. பிறை வெளுக்கும், கவலைப்படாதீர்கள்.

காற்று

கேமராவும் சரி, ஃபோகஸும் சரி, ஆனாலும் நிலாவின் விளிம்பு கொதிப்பதுபோல் நெளிகிறதா? காரணம் காற்று. மத்தியானத் தார் ரோட்டின் மேல் காட்சி நெளிவதும் இதே காரணத்தால்தான். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் ஒளி வளைந்து வளைந்து வருகிறது. கோள்களைப் படம் எடுப்பதில் பாதித் திறமை, நல்ல காற்றுள்ள நேரத்தைப் பிடிப்பது.

நட்சத்திரங்கள் பளிச்சென்று மின்னும் இரவு கோள்களுக்கு ஆகாது. மழை விட்டு வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும் இரவைப் பார்த்து ஆசைப்பட்டு மேலே ஏறினால், அன்றுதான் நட்சத்திரம் படபடவென்று துடிக்கும். மாறாக, லேசான பனிமூட்டத்தோடு, இலைகூட அசையாமல் மந்தமாக இருக்கும் தை, மாசி இரவுகளில் வியாழனின் பட்டைகள் கோடு போட்டதுபோல் நிற்கும்.

மொட்டை மாடி நாள் முழுக்க வெயிலை வாங்கி, இரவு பத்து மணி வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். மண் தரையோ புல் தரையோ கிடைத்தால் அங்கே போங்கள். இல்லையென்றால் நள்ளிரவுக்குப் பிறகோ விடிவதற்கு முன்போ மாடி ஏறுங்கள். பக்கத்து வீட்டுத் தகரக் கூரைக்கும், ஏசி வெளிப்பெட்டிக்கும், சமையலறைப் புகைபோக்கிக்கும் மேலாகப் பார்க்காதீர்கள்.

இதில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம், நாம் இருக்கும் இடம். தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் கோள்கள் எப்போதும் உயரமாகவே போகும். 2019-ல் வியாழன் வானத்தின் தென்பகுதியில் இருந்தபோது லண்டன்காரர்களுக்கு அது தொடுவானத்திலிருந்து பதினைந்து பதினாறு டிகிரிக்கு மேல் எழவில்லை. அதே வியாழன் சென்னையில் 55 டிகிரி உயரத்தில் நின்றது. உயரம் கூடக் கூட ஒளி கடந்துவரும் காற்றின் தடிமன் குறையும். நீங்களும் கோள் உச்சிக்கு வரும் நேரத்தைப் பார்த்து எடுங்கள், உதித்ததும் எடுக்கப் பறக்காதீர்கள்.

லென்ஸிலேயே கோள்கள்

டெலஸ்கோப் வாங்குவதற்கு முன் செய்து பார்க்க இரண்டு பயிற்சிகள். முதலாவது, வியாழனின் துணைக்கோள்கள். 300 மி.மீ., எஃப்/5.6, ஐஎஸ்ஓ 1600, கால் விநாடி. வியாழன் வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும், ஆனால் அதன் இருபுறமும் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள் வரை விழும். 1610 ஜனவரியில் கலிலியோ தன் டெலஸ்கோப்பில் பார்த்தவை இவைதாம். அடுத்த நாள் அதே நேரம் மறுபடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். உள்வட்டத்தில் ஓடும் ஐயோ 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடும். இரண்டு மூன்று மணி நேர இடைவெளியிலேயே இடம் மாறியிருப்பது தெரியும்.

இரண்டாவது, வெள்ளியின் பிறை. வெள்ளி பூமியை நெருங்கி வரும் வாரங்களில் 300 மி.மீ. லென்ஸிலேயே அதன் பிறை வடிவம் பிடிபடும். இருட்டிய பிறகு எடுத்தால் கூச்சத்தில் ஒன்றும் தெரியாது. சூரியன் மறைந்த உடனே, வானம் நீலமாக இருக்கும்போதே, 1/1000 ஷட்டரில் எடுங்கள்.

டெலஸ்கோப்பும் வீடியோவும்

பெட்டியின் மேல் "525 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்று அச்சடித்த டெலஸ்கோப்பை வாங்காதீர்கள். முன்பக்க விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்குவது வீண். அதுவும் காற்று ஒத்துழைத்தால். 130 மி.மீ. கண்ணாடியுள்ள நியூட்டோனியன் (லென்ஸுக்குப் பதில் குழிக்கண்ணாடி வைத்த டெலஸ்கோப்) நல்ல தொடக்கம். அதையே தரையில் சுழலும் பெட்டியில் உட்காரவைத்த 150 அல்லது 200 மி.மீ. டாப்சோனியன் இன்னும் நல்லது, ஆனால் மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறுவது உங்கள் முதுகு. கண்ணாடி வெளிக்காற்றின் குளிர்ச்சிக்கு வர வேண்டும் என்பதால், எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள்.

கோள்களை யாரும் ஒற்றைப் படமாக எடுப்பதில்லை. வீடியோ எடுப்பார்கள். காற்று நெளியும்போது ஆயிரம் சட்டகங்களில் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) எண்ணூறு கலங்கியிருக்கும். ஒரு கணம் காற்று அடங்கும்போது விழும் சட்டகங்கள் மட்டும் கூர்மையாக இருக்கும். அவற்றைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல் (படத்தில் விழும் பொரிப்பொரியான புள்ளிகள்) குறைந்து விவரம் எழும்.

முதலில் 25 மி.மீ. ஐபீஸில் கோளைக் கண்டுபிடித்து நடுவில் கொண்டுவந்து, பிறகு இன்னும் பெரிதாகக் காட்டும் 10 மி.மீ. ஐபீஸுக்கு மாற்றி ஃபோனைப் பொருத்துங்கள். 1080பி, விநாடிக்கு 60 சட்டகம். வெளிச்சத்தை இறக்கிக்கொண்டே வந்தால் வெள்ளைப் பொட்டாக இருந்த வியாழனில் திடீரென்று இரண்டு பழுப்புப் பட்டைகள் தெரியும். அங்கே எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள். மோட்டார் இல்லாத டாப்சோனியனாக இருந்தால், கோளை ஒரு ஓரத்தில் நிறுத்தி, கையை எடுத்துவிட்டு, அது தானாக மறு ஓரம் வரை நகர்வதை எடுங்கள். 1200 மி.மீ. ஃபோகல் லெங்த் உள்ள குழாயில் 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் அதற்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். மறுபடி ஓரத்துக்குக் கொண்டுவந்து இன்னொரு முறை எடுங்கள்.

வியாழனுக்கு ஒரு வீடியோ இரண்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும் கோள் அது. அதற்கு மேல் எடுத்தால் சிவப்புப் பொட்டு நகர்ந்து இழுபடும். செவ்வாய்க்கு ஐந்து நிமிடம் வரை போகலாம்.

பழக்கம் ஆனபின், ஐபீஸுக்குப் பதில் நேரடியாக டெலஸ்கோப்பில் செருகும் யுஎஸ்பி கேமராவுக்கு மாறலாம். அப்போது ஒரு கணக்கு உதவும்: பிக்சலின் மைக்ரான் அளவை ஐந்தால் பெருக்கினால் தேவையான எஃப் எண். 2.9 மைக்ரான் பிக்சலுக்கு எஃப்/14, 15. குழாய் எஃப்/5 என்றால் ஃபோகல் லெங்த்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸ் சரியாகும்.

பொறுக்கி, அடுக்கி, கூர்மையாக்கி

விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால் மூன்று இலவச மென்பொருள்கள் போதும். பிப் என்பது ஃபோன் வீடியோவை ஏவிஐ அல்லது எஸ்இஆர் கோப்பாக மாற்றி, நகர்ந்துகொண்டிருக்கும் கோளை எல்லாச் சட்டகத்திலும் நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். அதை ஆட்டோஸ்டாக்கர்ட்டில் திறந்து, கோளுக்கு பிளானட், நிலாத் தரைக்கு சர்ஃபேஸ் என்று தேர்ந்தெடுத்து, அனலைஸை அழுத்துங்கள். சட்டகங்களைத் தர வரிசையில் அடுக்கி ஒரு வரைபடம் காட்டும். கோடு சட்டென்று சரிந்தால் அன்றைய காற்று மோசம், முதல் பத்துப் பதினைந்து சதவீதத்தை மட்டும் எடுங்கள். மெதுவாகச் சரிந்தால் நாற்பது வரை போகலாம். நிலாவுக்கு எடுத்து வைத்த முப்பது நாற்பது படங்களையும் இதே வழியில் அடுக்கலாம். மேக்கும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு பிளானட்டரி சிஸ்டம் ஸ்டாக்கர் இருக்கிறது.

அடுக்கி வரும் படம் மங்கலாகத்தான் இருக்கும், மனம் தளர வேண்டாம். அதை ரெஜிஸ்டாக்ஸில் திறந்து வேவ்லெட் பகுதிக்குப் போனால் ஆறு நழுவுபட்டைகள் இருக்கும். மேலே உள்ளது நுண்ணிய விவரம், கீழே போகப் போகப் பெரிய விவரம். ஃபோன் வீடியோவுக்கு முதல் பட்டையைத் தொடாதீர்கள், இரைச்சலைத்தான் தூக்கும்; இரண்டாவதையும் மூன்றாவதையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மங்கலுக்குள்ளிருந்து வியாழனின் பட்டைகள் எழுந்து வரும் அந்த நேரத்தில் கை தானாக இன்னும் ஏற்றப் பார்க்கும். கோளின் விளிம்பை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு, அல்லது விளிம்புக்கு உள்பக்கம், நிஜத்தில் இல்லாத ஒரு வளையம் தோன்றினால் எல்லை மீறிவிட்டீர்கள் என்று பொருள், இரண்டடி பின்வாங்குங்கள். விளிம்பில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் இருந்தால் அதே மென்பொருளில் உள்ள ஆர்ஜிபி அலைன் வசதி சரிசெய்துவிடும்.

ஈரம்

ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக மாடிக்குக் கொண்டுபோனால் லென்ஸ் வியர்த்துவிடும். பைக்குள் வைத்தபடியே அரை மணி வெளியே விட்டு, பிறகு எடுங்கள். மார்கழியில் பனி விழுந்தால் சட்டைத் துணியால் துடைக்காதீர்கள். முன்கூட்டியே லென்ஸ் ஹூடை மாட்டி வையுங்கள். முடிந்தபின் ஈரத்தோடு பையில் போட்டு மூடினால் கடலோர ஊர்களில் சில மாதங்களிலேயே பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலமும் காற்றுப் புகாத டப்பாவும் இருந்தால் போதும்.

எப்போது எது?

ஒரு கோள் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வரும்போது நமக்கு மிக அருகில், இரவு முழுவதும் தெரியும்படி இருக்கும். சனி 2026 அக்டோபர் 4 அன்று அப்படி வருகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய வாரங்கள் என்பதால் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுங்கள். தவறினால் மழை ஓய்ந்தபின் மார்கழி மாலைகளில் பிடிக்கலாம். 2025 மார்ச்சில் பக்கவாட்டில் திரும்பி ஒரு கோடாகிப்போன வளையம், வருடா வருடம் விரிந்துகொண்டு வருகிறது. அதே 2026 செப்டம்பர், அக்டோபர் தொடக்க மாலைகளில் மேற்கே வெள்ளி பிறையாக இருக்கும்.

பெரிய விருந்து 2027 பிப்ரவரி. 10-ஆம் தேதி வாக்கில் வியாழன், 19-ஆம் தேதி செவ்வாய், இரண்டும் சுமார் ஒன்பது நாள் இடைவெளியில் எதிர்ப்பக்கம் வருகின்றன, இரண்டும் நள்ளிரவில் நமக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல். மழையும் இல்லாத மாதம். செவ்வாய் இந்த முறை சின்னதாகத்தான் தெரியும், ஆனால் அடுத்த வாய்ப்புக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். டாப்சோனியன் வைத்திருப்பவர்கள் குழாய் செங்குத்தாக நிற்கும்போது கோளைப் பின்தொடர்வது சிரமம் என்பதால், உச்சிக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ எடுப்பது சௌகரியம்.